தாத்தா சைக்கிளுக்கு என்ன கலர் அடிக்கிறது?

தம்பி, நீங்க கேட்டது இது. கொரடாச்சேரி வீட்டு மாட்டுக்கொட்டாய்ல கெடந்த தாத்தாவோட 24 இஞ்ச் ராலே சைக்கிளை வெளிய எடுத்திருக்கீங்க, அப்பா கருப்புதான் அடிக்கணும்ங்கிறாரு, உங்களுக்கு பச்சையும் க்ரீமும் சேத்து ரெண்டு கலர்ல அடிக்க ஆசை, மச்சான் மேட் கருப்புல பவுடர் கோட்டிங் குடுத்துடு ஒரே நாள்ல முடிஞ்சிரும்ங்கிறாரு. யார் சொல்றது சரின்னு கேக்குறீங்க. அதை அப்புறம் பாப்போம். முதல்ல ஒரு ஸ்பேனர் எடுத்து செயின் கவர் க்ளிப்பைக் கழட்டுங்க, ஷேட் கார்டைக் கையில எடுக்கவே எடுக்காதீங்க.

ஏன்னா நம்ம பக்கத்துல 50, 60 வருஷம் ஓடின சைக்கிள் பெரும்பாலும் கம்பெனி கலரோட இருக்காது, நடுவுல யாராவது ஒருத்தர் பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஒரு டப்பா பெயின்ட் வாங்கி ப்ரஷ்ல பூசியிருப்பாரு. மேல தெரியிற கருப்பு அப்படி வந்த கருப்பாவும் இருக்கலாம். கம்பெனி கலர் ஒளிஞ்சிருக்கிற இடம்னு சிலது இருக்கு. செயின் கவர் க்ளிப்புக்கு அடியில, சீட் க்ளாம்ப் இறுக்கிப் பிடிச்ச இடம், முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க் தலைப்பக்கம் மட்கார்டு வந்து ஒட்டுற இடம், பம்பு மாட்டுற கொக்கிக்குப் பக்கத்துல, லைட் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. வெயில் படாம, யார் ப்ரஷும் எட்டாம இருக்கிற எடம்லாம். முன்னாடி கழுத்துல இருக்கிற கம்பெனி பேட்ஜுக்கு அடியிலயும் இருக்கும், ஆனா அது ரிவிட் அடிச்சதா இருந்தா நெம்பாதீங்க, பழைய பித்தளைத் தகடு ஒரு தடவை மடங்கினா அந்த மடிப்பு போகவே போகாது.

அங்கயும் தெரியலைன்னா ஜன்னல் திறக்கிறதுன்னு ஒரு வேலை இருக்கு. சீட்டுக்குக் கீழ இறங்குற பைப்புல (சீட் ட்யூப்) பின்பக்கமா, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இடம், 600 நம்பர் வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணில நனைச்சு மெதுவா வட்டமா தேய்க்கணும், ஒவ்வொரு கலரும் கரைஞ்சு அடுத்த கலர் எட்டிப் பாக்கும்போது நிறுத்தி 1000 நம்பருக்கு மாறிடணும். போன வருஷம் வலங்கைமான்லேர்ந்து ஒரு வண்டி வந்துச்சு, வீட்டுக்காரரு இது எப்பவுமே கருப்புதான் சார்னு சத்தியம் பண்ணாரு. தேய்ச்சேன். மேல கருப்பு, அதுக்குக் கீழ ஒரு சில்வர், அதுக்குக் கீழ பல்லு தேய்க்கிற ப்ரஷ் மாதிரி ஒரு நீலம், அதுக்கும் கீழ ரெட் ஆக்சைடுங்கிற துரு தடுக்கிற அடிப்பூச்சு எதுவும் இல்லாம நேரா ஒரு கரும்பச்சை, கண்ணாடி மாதிரி. அந்தப் பச்சை மேல தலைமுடி கனத்துல தங்கக் கோடு ரெண்டு. செயின் கவர்ல இன்னும் கொஞ்சம் தேய்ச்சா மஞ்சள் எழுத்துல அவங்க பாட்டனார் இன்ஷியலும் ஊர் பேரும் வந்துச்சு, பாதி எழுத்துதான், அதுக்கு மேல தேய்க்க எனக்கே மனசு வரல. வீட்டுக்காரரு அந்த இடத்துலயே உக்காந்துட்டாரு. அந்த வண்டிக்கு என்ன கலர்ங்கிற கேள்வி அதோட முடிஞ்சு போச்சு.

தேய்க்கிறது எப்பவும் தண்ணி போட்டுத்தான், வாயில துணி கட்டிக்கிட்டு, சின்னப் புள்ளைங்களைப் பக்கத்துல விடாம. பழைய எனாமல்ல ஈயம் இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. வீட்டுப் பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுங்கிற விதியே நம்ம நாட்டுல 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு, உங்க தாத்தா வண்டி அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி.

இப்ப ராலே விஷயம். ராலேன்னு பேர் இருந்தா ரெண்டு வகை உண்டு. ஒண்ணு இங்கிலாந்து நாட்டிங்ஹாம்ல செஞ்சு கப்பல்ல வந்தது. இன்னொண்ணு சுதந்திரத்துக்கு அப்புறம் வங்காளத்துல ஆசன்சோல் பக்கம் சென்-ராலே கம்பெனி செஞ்சது. ஹெர்குலிஸும் அதே கதைதான், முன்னாடி பர்மிங்ஹாம் சரக்கு, அப்புறம் 1949ல ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூர்லயே செய்ய ஆரம்பிச்சாங்க. பேட்ஜைத் துடைச்சுப் படிச்சாலே எந்த ஊர்னு பெரும்பாலும் தெரிஞ்சிரும். பின் சக்கரத்து நடு உருளை, அதாவது ஹப்புல, ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி கியர் இருந்தா இன்னும் சுலபம், ஹப் மேலயே வருஷமும் மாசமும் குத்தியிருப்பாங்க, 56, 3ன்னு இருந்தா 1956 மார்ச். ஆனா வீல் மாத்தியிருந்தா ஹப்பு வேற வண்டியோட ஜாதகம், அதை மட்டும் நம்பிடாதீங்க.

இதெல்லாம் எதுக்குன்னா, பெரிய ராலே வண்டிக்கு கருப்பும் ஒரு கரும்பச்சையும் ரெண்டுமே கம்பெனி கலர்தான். அதனால உங்க அப்பா சொல்றதும் நியாயமா இருக்கலாம், உங்க ஆசையில பாதியும் நியாயமா இருக்கலாம். மீதி பாதி, அந்த க்ரீம் இருக்கே, அதுக்கு அப்புறம் வர்றேன்.

கருப்புன்னா ஒரே கருப்புன்னு நெனைக்காதீங்க. அந்தக் காலத்து சைக்கிள் கருப்பு சூளையில சுட்ட எனாமல், நாம இப்ப டப்பாவுல வாங்கி அடிக்கிறது காத்துல காயுற எனாமல். சுட்ட கருப்புக்கு ஒரு ஆழம் இருக்கும், கொஞ்சம் சூடான கருப்பு, எண்ணெய் தடவின கருங்கல்லு மாதிரி. இப்ப கார் பட்டறைல அடிக்கிற பி.யூ. (பாலியூரித்தேன் பெயின்ட்) கருப்பு வேற, அது நீலம் அடிக்கும், முகம் பாக்குற மாதிரி பளபளப்பு, புது கார் கதவை வெட்டி சைக்கிள் செஞ்ச மாதிரி ஆயிரும். கருப்பு வேணும்னா சாதாரண சிந்தெடிக் எனாமல் கருப்பையே எடுத்து நல்லா தின்னர் கலந்து ஸ்ப்ரேல மெல்லிசா மூணு கோட்டு, நடுவுல 800 வாட்டர் பேப்பர், அது போதும். அந்த வண்டிக்கு அதுதான் பொருந்தும்.

பச்சை வந்துச்சுன்னா கடைல போய் "டார்க் கிரீன்"னு கேட்டுடாதீங்க. பஸ் கிரீன் குடுப்பாரு, அது அடிச்சா வண்டி பஞ்சாயத்து குப்பைத்தொட்டி மாதிரி இருக்கும். நீங்க தேய்ச்ச ஜன்னலைத் தண்ணியில நனைச்சு, ஈரத்தோட வச்சு ஷேடு பாக்கணும், காய்ஞ்ச பழைய பெயின்ட் வெளிறித் தெரியும், ஈரமா இருக்கும்போதுதான் உண்மையான கலர் வரும். இன்னொண்ணு, மேல வார்னிஷ் இருந்தா அது வயசாகி மஞ்சளாயிருக்கும், நீலத்து மேல மஞ்சள் ஏறினா கண்ணுக்குப் பச்சைதான், இப்படி நீல வண்டியைப் பச்சைன்னு அடிச்சுட்டு அப்புறம் முழிச்சவங்க உண்டு. மேல் வார்னிஷையும் தேய்ச்சு எடுத்துட்டுப் பாத்தாத்தான் நிச்சயம். ஸ்டாண்டர்டு ஷேடு நம்பர் வச்சுப் பேசறது நல்லது, ப்ரிட்டிஷ் கார்டுல 227 டீப் ப்ரன்ஸ்விக் கிரீன்னு ஒண்ணு இருக்கு, அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஜன்னலோட ஒத்துப் பாத்து முன்ன பின்ன நகருங்க. நம்ம கடைங்கள்ல கேக்க ஐ.எஸ். 5ன்னு இந்திய ஷேடு பட்டியலும் இருக்கு, போஸ்ட் ஆபீஸ் ரெட் 538ங்கிறதெல்லாம் அதுல வர்றதுதான்.

கார்டுல பாத்த கலரும் பைப்புல அடிச்ச கலரும் ஒண்ணா இருக்காது, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. கார்டு தட்டையா இருக்கு. சைக்கிள் பைப்பு உருண்டை, ஒரு இஞ்ச் சொச்சம் கனம், அதுல மேல்பக்கம் வானம் மின்னும், கீழ்பக்கம் நிழல், நடுவுல ஒரு கோடு அளவுக்குத்தான் கலர் கலராத் தெரியும். அதனால ரொம்பக் கரும்பச்சை, கரு நீலம், மெரூன் எல்லாம் பத்தடி தள்ளி நின்னா கருப்புதான். கம்பெனி கலர் தெரியாம நீங்களே முடிவு பண்றதா இருந்தா நீங்க நெனைக்கிறதை விட ஒரு படி வெளிச்சமா எடுங்க. ஒரு பழைய சைக்கிள் பம்பையோ ஒரு முழம் பி.வி.சி. பைப்பையோ எடுத்து அடிச்சுப் பாருங்க, காலைல ஏழு மணி வெயில்ல ஒரு தடவை, மத்தியானம் திண்ணை நிழல்ல ஒரு தடவை பாருங்க. பெயின்ட் கடை ட்யூப்லைட்ல எந்தப் பச்சையும் நல்லாத்தான் இருக்கும்.

இப்ப உங்க ரெண்டு கலர் ஆசைக்கு வர்றேன். அது ஒண்ணும் தப்பில்ல, ஆனா அந்த க்ரீமை மட்கார்டுலயும் செயின் கவர்லயும் அடிச்சா உங்க ஊர்ல அது ஒரு மழை தாங்காது. க்ரீம், வெள்ளை மாதிரி வெளிர் கலர்ல துரு வந்தா மறைக்க முடியாது, மட்கார்டு கம்பியைப் பிடிக்கிற ஒவ்வொரு ஸ்டே போல்ட்டுக்குக் கீழயும் பழுப்புக் கண்ணீர் மாதிரி ஒரு கோடு இறங்கும். சம்பா நடவு சமயத்துல வரப்பு ஓரமா ஓட்டினா வண்டல் தெறிச்சு சாம்பல் கலர்ல காயும், அது பச்சைலயும் கருப்புலயும் ஈரத்துணில போயிரும், க்ரீம்ல ஒரு நிழல் விட்டுட்டுத்தான் போகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காத்துல வெளிர் கலர் வண்டி ஒரு வருஷத்துலயே வயசாயிரும், அங்க இருக்கிறவங்களுக்கு நான் க்ரீமே வேண்டாம்னுதான் சொல்லுவேன். மெய்ன் கலர் ஒண்ணு வச்சுக்குங்க, க்ரீம் வேணும்னா கழுத்துப் பைப்புல மட்டும், இல்ல கோட்டுல.

பின் மட்கார்டு கடைசியில வெள்ளைப் பட்டை ஒண்ணு இருக்கும், அதுல சிவப்பு ரிஃப்ளெக்டர். அதை மறந்துட்டு முழுசா ஒரே கலர் அடிச்சுட்டு வர்றாங்க, பாத்தா ஏதோ குறையுதுன்னு தோணும், என்னன்னு அவங்களுக்கே தெரியாது. அந்த வெள்ளை மட்டும் விடாதீங்க.

கோடு. இங்கதான் நான் கொஞ்சம் அதிகமாப் பேசுவேன், பொறுத்துக்குங்க. பழைய சைக்கிளோட அழகு கலர்ல பாதிதான், மீதி லைனிங்ல. ஒவ்வொரு பைப்புலயும் ரெண்டு கோடு இணையாப் போய் முனைல சேந்து ஒரு பெட்டி மாதிரி முடியும், மட்கார்டுல ஓரமா நீளக் கோடு. கருப்புக்குத் தங்கம், கரும்பச்சைக்கும் தங்கம்தான், நடுவுல ஒரு சிவப்பு இழை வேணும்னா சேக்கலாம். மெரூனுக்கு க்ரீம் நல்லா இருக்கும். நீலத்துக்கு வெள்ளைக் கோடு போடாதீங்க, ஸ்கூல் யூனிஃபார்ம் ஞாபகம் வரும். தங்கம்னு சொன்னவுடனே தங்கப் பொடி வாங்கி வார்னிஷ்ல கலக்காதீங்க, அது தங்கம் இல்ல, செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைப் பொடி, நம்ம ஈரக் காத்துல கொஞ்ச நாள்ல கருத்துப் பச்சையாயிரும், குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி கோட்டைத் தேய்க்க முடியுமா. கோல்டன் எல்லோ எனாமல்ல சொட்டு பிரவுன் விட்டுக் கலக்குங்க, ரெண்டடி தள்ளி நின்னா தங்கம்தான், வருஷக்கணக்கா அப்படியே இருக்கும்.

கோடு போடுறவங்க இப்பவும் இருக்காங்க, சைக்கிள் கடைல கேட்டா தெரியாது, போர்டு எழுதுறவங்க கிட்ட கேளுங்க. கும்பகோணத்துல எனக்குப் போடுறவரு முன்னாடி மாட்டுவண்டிக்கும் லாரிக்கும் எழுதினவரு, ப்ரஷ் முடி மட்டும் ரெண்டு இஞ்ச் நீளம், அதைப் பெயின்ட்ல படுக்க வச்சு எடுத்து, சுண்டுவிரலைப் பைப்புல ஊனிக்கிட்டு மூச்சைப் பிடிச்சு ஒரே இழுப்பு. நடுவுல நிறுத்தவே மாட்டாரு, யாராவது பேசினாலும் பதில் வராது, கோடு முடிஞ்சப்புறம்தான் "என்ன கேட்டீங்க"ம்பாரு. ஸ்டிக்கர் கோட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, கைக்கோடு ஆரம்பத்துல கொஞ்சம் கனமாவும் முடிவுல மெலிஞ்சும் இருக்கும், அந்தக் கோணல்தான் உயிரு.

மச்சான் சொன்ன பவுடர் கோட்டிங். அது கெட்டதுன்னு சொல்லல, கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அருமையான வேலை. பவுடரைத் தூவி அடுப்புல 180, 200 டிகிரில சுடுறாங்க, ரொம்பக் கெட்டியா நிக்கும். ஆனா தடிப்பா உக்காரும், அதனால பைப்பு சேர்ற இடத்துல இருக்கிற இணைப்பு, லக்கும்பாங்க, அதோட கூர்மை மழுங்கிப் போயிரும், ஃப்ரேம் நம்பர் பள்ளம் ரொம்பிரும், பெடல் அச்சு உக்கார்ற பாட்டம் பிராக்கெட் மரையை மறைக்காம குடுத்துட்டா திரும்ப மரை வெட்டணும். அதுக்கு முன்னாடி சாண்ட் பிளாஸ்ட் பண்ணுவாங்க, அதோட தாத்தா காலத்து அடையாளம் எல்லாம் தூள். போதாததுக்கு மேட் வேற. மேட் கருப்புல எண்ணெய்க் கை பட்டா கறை, வண்டல் பட்டா கறை, ஆயுத பூஜைக்கு சந்தனமும் குங்குமமும் வச்சா அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அந்தப் பொட்டு அங்கயே இருக்கும். மச்சான் கிட்ட சண்டை போடாதீங்க, அவருக்கு அவரோட பைக்குக்கு ஐடியா குடுங்க.

இன்னொரு வழியும் இருக்கு, அடிக்காமயே விடுறது. பழைய கம்பெனி கலர் முக்கால்வாசி நல்லா இருந்தா, கோடும் எழுத்தும் தெரிஞ்சா, துருவை மட்டும் எடுத்து, கார் பாலிஷ் போட்டு, துரு எடுத்த இடத்துல மட்டும் தொட்டு வச்சா போதும். பெயின்ட் எப்ப வேணும்னாலும் அடிக்கலாம், தேய்ச்சு எடுத்தது திரும்ப வராது. வாடகை சைக்கிள் கடை வச்சிருந்த எங்க மாமா வருஷா வருஷம் எல்லா வண்டிக்கும் ஒரே சிவப்பு பெயின்ட் அடிச்சு மட்கார்டுல நம்பர் போடுவாரு, அதுல எந்தெந்த கம்பெனி என்னென்ன கலர்ல இருந்துச்சோ, அத்தனையும் அந்த சிவப்புக்குள்ள போச்சு. அப்ப நானும்தான் சந்தோஷமா ப்ரஷ் பிடிச்சேன்.

அடிக்கிறதுன்னு முடிவாச்சுன்னா, ஒரு வண்டிக்கு அரை லிட்டர் கலர் தாராளமாப் போதும், பிரைமர் அரை லிட்டர். இரும்பு தெரியிற இடத்துக்கு ரெட் ஆக்சைடு, பள்ளத்துக்கு பட்டி, பட்டியை மெல்லிசா வைங்க. ஒரே குடும்பத்துப் பெயின்ட்டா அடிங்க, இது ரொம்ப முக்கியம். நான் ஒரு தடவை எனாமல் அடிச்சு நாலு நாள் கழிச்சு மேல போட்ட தங்கக் கோட்டைப் பாதுகாக்கலாம்னு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் லாக்கர், நிறமில்லாத மேல்பூச்சு, அடிச்சேன், பாத்துட்டு இருக்கும்போதே பால்ல ஆடை சுருங்குற மாதிரி மொத்த பெயின்ட்டும் சுருங்கி எழும்பிருச்சு, அந்தத் தின்னர் எனாமலைத் தூக்கிடும். ரெண்டு வார வேலை, கோடு போட்ட கூலி எல்லாம் போச்சு, திரும்ப இரும்பு வரைக்கும் தேய்ச்சேன். எனாமல் மேல கோடும் எனாமல்லயே போடுங்க, கிளியர் எதுவும் வேண்டாம். பி.யூ. அடிக்கிறவங்க கிட்ட குடுத்தா முழுசா பி.யூ.லயே அடிக்கச் சொல்லுங்க, அதுல கலக்குற ஹார்டனர் மூச்சுக்கு ஆகாது, வீட்டுத் திண்ணைல வச்சு அடிக்கிற வேலை இல்ல.

எப்ப அடிக்கிறதுங்கிறது என்ன கலர்ங்கிற அளவுக்கு முக்கியம் நம்ம ஊர்ல. ஐப்பசி கார்த்திகைல அடிக்காதீங்க. காத்துல ஈரம் இருக்கும்போது என்.சி. அடிச்சா பாலேடு மாதிரி வெள்ளை பூத்துரும், தின்னர் ஆவியாகும்போது பைப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கும், கருப்பு சாம்பலாத் தெரியும். எனாமல் அந்த அளவுக்குப் படுத்தாது, ஆனா நாள் கணக்கா ஒட்டிக்கிட்டே இருக்கும், சாயங்காலம் கொசு வந்து உக்காரும். ஆடியில காத்து, மண்ணு. தை கடைசி அறுப்பு சமயத்துல வைக்கோல் தூசி. அறுப்பெல்லாம் முடிஞ்சு மாசி, பங்குனி, சித்திரை, தரையைத் தண்ணி தெளிச்சு அமுக்கிட்டு காலைல எட்டு மணிக்கு மேல பத்துக்குள்ள அடிச்சா அதுபோல ஃபினிஷ் வேற வராது. அடிச்சுட்டு ரெண்டு வாரமாவது மாட்டாதீங்க, மேல காஞ்ச மாதிரி இருக்கும், போல்ட் இறுக்கினா வாஷரோட ஒட்டிக்கிட்டு வந்துரும்.

ரிம்முக்கு சில்வர் பெயின்ட் அடிக்கவே அடிக்காதீங்க, க்ரோம் போயிருந்தாலும் அப்படியே எண்ணெய் தேய்ச்சு விட்டுடுங்க, இல்ல க்ரோம் போடக் குடுங்க. சைக்கிளுக்கு வரி கட்டினதுக்கு அந்தக் காலத்துல குடுத்த முனிசிபாலிட்டி வில்லை ஹேண்டில்ல இருந்தா கழட்டித் தனியா பத்திரமா வைங்க, கடைக்காரப் பையன் குப்பைல போட்டுருவான்.

இப்போதைக்கு செயின் கவர் க்ளிப்புக்கு அடியில என்ன கலர்னு பாருங்க, ஃபோர்க் தலையிலயும் பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, ஃபோர்க் மாத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கருப்பு வந்துச்சுன்னா அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. பச்சை வந்துச்சுன்னா ஈரத்துணியால துடைச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, வாசல்ல வச்சு, ஃப்ளாஷ் போடாம, காலை வெயில்ல.